பேஸ் கிடார் ஆம்ப்ளிஃபயர்: எடை பார்த்து வாங்குவது எப்படி?

உளுந்து விலை, ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை என்று படித்துப் பழகிய நம் ஏட்டில் இப்படி ஒரு தலைப்பா என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நம் சங்க உறுப்பினரான பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர், பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். நான் முப்பது ஆண்டுகளாக மைக் செட்டும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்து வருகிறவன். கூடவே அவருடைய மகனும் வந்திருந்தான். பையன் கல்லூரியில் படிக்கிறான்; ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறான். பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் 18,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய ஆம்ப்ளிஃபயர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே ஊமையாகிவிட்டது. பில் கிடையாது. விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை.

"500 வாட்ஸுன்னு முன்னாலயே எழுதிப் போட்டிருக்கு தம்பி. கல்யாண மண்டபத்துக்கே போதும்னான். கோயிலுக்குள்ள தாங்கலியே" என்றார் அண்ணாச்சி.

பின் பலகையைக் கழற்றினேன். உள்ளே மூன்று விஷயங்கள் தெரிந்தன. பேஸுக்கான ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண மைக் செட் ஸ்பீக்கர் மாட்டப்பட்டிருந்தது. ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் கருகிப் போயிருந்தது. பின்னர் கெட்டுப்போன டிரான்சிஸ்டர்களை மாற்றி அளந்து பார்த்தபோது, அந்த 500 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் உண்மையில் கொடுத்தது அறுபது வாட்ஸ்தான்.

மூட்டைக்கு அரைக் கிலோ குறைந்தால் மறு வண்டியிலேயே திருப்பி அனுப்புகிற அண்ணாச்சி இந்தச் சரக்கில் ஏமாந்ததற்குக் காரணம், இதை எந்தத் தராசில் நிறுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லாததுதான். நம் பிள்ளைகளில் பலர் ஆலயத்திலும் மெல்லிசைக் குழுக்களிலும் வாசிக்கிறார்கள். பணம் நம் கல்லாவிலிருந்துதான் போகிறது. ஆகவே அந்தத் தராசைப் பற்றி எழுதுகிறேன்.

பேஸ் என்பது என்ன பாரம்?

இளையராஜாவின் பாடல்களில் மெட்டுக்கு அடியில் கனமாக ஒரு நாதம் தனி வழியில் நடந்து போகுமே, அதுதான் பேஸ் கிடார். வழக்கமாக நான்கு தந்திகள். சாதாரண கிடாரின் கடைசித் தடித்த தந்தி ஒரு விநாடிக்கு 82 முறை அதிரும். பேஸின் தடித்த தந்தி அதில் சரிபாதி, 41 முறை. ஐந்து தந்தி பேஸ் என்றால் இன்னும் கீழே, 31 வரை போகும்.

சுருதி பாதியாகத் தாழ்ந்தால் ஆம்ப்ளிஃபயருக்கு வேலை பாதியாகும் என்று நினைக்கக் கூடாது. அதே ஸ்பீக்கர் அதே சத்தத்தைக் கொடுக்க, அதன் காகிதக் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைந்தாக வேண்டும். மனிதக் காதும் தாழ்ந்த சுருதியை மந்தமாகத்தான் கேட்கும். அதனால்தான் கிடார் வாசிப்பவன் ஐம்பது வாட்ஸில் மேடையை அதிர வைக்கும்போது, பக்கத்தில் பேஸ் வாசிப்பவன் முந்நூறு வாட்ஸ் வைத்துக்கொண்டும் போதவில்லை என்கிறான். குழாய் ஸ்பீக்கரில் பேஸை விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. தகரத்தில் ஆணி உரசுவது போன்ற சத்தம்தான் வரும், நாதம் வராது.

இந்தப் பாரத்தை முதலில் சரியாக நிறுக்கத் தவறியவர்கள் இந்தப் பொருளைக் கண்டுபிடித்தவர்களே. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ் என்ற மின்சார பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதற்குத் துணையாக 1952இல் பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயர் வந்தது. ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். சில ஆண்டுகளில் அது நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களாக மாறியது. பின்புறம் திறந்த பெட்டி, ஐம்பது வாட்ஸுக்குள் சக்தி. ஒலியளவைக் கூட்டினால் பேஸ் நாதம் உடைந்து கரகரத்தது. பேஸ்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் கிடார்காரர்கள் அந்த உடைசலைக் கேட்டு மயங்கினார்கள்! ஒரு வேலைக்காகச் செய்த சரக்கு இன்னொரு வேலைக்காக விற்றது.

இங்கே ஒரு கடைக்காரரைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. லண்டனின் மேற்கே ஹான்வெல் என்ற இடத்தில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் ஆசிரியர் 1960இல் இசைக்கருவிக் கடை ஒன்றைத் திறந்தார். டிரம்ஸ் வாங்க வந்தவர்களோடு கிடார்க்காரர்களும் வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் ஆம்ப்ளிஃபயர்களின் விலை எட்டாதது என்று குறைப்பட்டார்கள்; எங்களுக்கு இப்படி ஒரு சத்தம் வேண்டும் என்று கவுண்ட்டரில் நின்று விவரித்தார்கள். மார்ஷல் அதைக் கேட்டுக்கொண்டார். கடையின் பழுது பார்ப்பவரான கென் பிரான் முதலியோரைக் கொண்டு, அந்த பேஸ்மேனையே மாதிரியாக வைத்து 1962இல் சொந்தமாக ஒன்றைச் செய்தார். அதுதான் பின்னாளில் உலகெங்கும் ஓடிய மார்ஷல் ஆம்ப்ளிஃபயரின் முதல் உருப்படி. பிறகு 1965இல் ஒரு பெரிய விநியோகஸ்தரோடு 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டு, விற்பனை உரிமையைக் கொடுத்துவிட்டார். ஆரம்பத்திலிருந்து தம்மோடு வியாபாரம் செய்த கடைக்கார நண்பருக்கே நேராகச் சரக்குக் கொடுக்க முடியாத நிலை. அவருக்காகப் 'பார்க்' என்ற வேறு பெயரில் பெட்டிகளைச் செய்து கொடுத்தார். ஏஜென்சி எடுத்தவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் இந்தச் சங்கடம் புரியும்.

பேஸ்காரர்களின் குறையைத் தனியே கவனித்தவர் எவரெட் ஹல். அவருடைய ஆம்பெக் நிறுவனம் 1960இல் பி-15 என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. ஆம்ப்ளிஃபயர் மேலே, 15 அங்குல ஸ்பீக்கர் கீழே. வேலை முடிந்ததும் ஆம்ப்ளிஃபயரைத் தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே அடைத்துவிடலாம். சிறிய கூடத்துக்கு அருமையான நாதம். பெரிய மைதானத்துக்கு அது போதாமல் போக, 1969இல் அதே நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட்ஸ் வால்வு ஆம்ப்ளிஃபயரைச் செய்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அந்த ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதை எடுத்துச் சென்றது. 14 வால்வுகள், தலைப்பகுதி மட்டும் நாற்பது கிலோ அளவு. அதற்குரிய மூடிய பெட்டி ஒவ்வொன்றிலும் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள். இன்றைக்கு டி கிளாஸ் என்ற முறையில் 500 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மூன்று கிலோவில் கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் எடை குறைந்ததே தவிர, காற்றைத் தள்ள வேண்டிய ஸ்பீக்கரின் வேலை அப்படியேதான் இருக்கிறது.

மொத்த எடையும் நிகர எடையும்

சரக்கில் மொத்த எடை வேறு, சாக்கைக் கழித்த நிகர எடை வேறு. வாட்ஸிலும் அப்படித்தான். பி.எம்.பி.ஓ., பீக் என்றெல்லாம் போட்டு 500, 1000 என்று எழுதியிருப்பது சாக்கோடு சேர்த்த எடை என்றுகூடச் சொல்ல முடியாது, பி.எம்.பி.ஓ.வுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறையே கிடையாது. ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருக்கிறதா, எத்தனை ஓமில் அத்தனை வாட்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் நிகர எடை. பின்புறத் தகட்டில் மின்சாரச் செலவு எத்தனை வாட்ஸ் என்று இருக்கும். முழு ஒலியில் எடுக்கும் செலவே 120 வாட்ஸ் என்றால், உள்ளிருந்து 500 வாட்ஸ் தொடர்ந்து எப்படி வெளியே வரும்? ஆனால் சில கம்பெனிகள் சராசரிச் செலவைத்தான் அந்தத் தகட்டில் போடுவார்கள். எனவே அதை மட்டுமே வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சந்தேகப்பட ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது. மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்குச் சற்றே அதிகம் என்று தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறக்குறையப் பத்து மடங்கு சக்தி தேவை. ஆகவே 300 வாட்ஸுக்கும் 400 வாட்ஸுக்கும் இடையில் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால், அந்தப் பணத்தை ஸ்பீக்கர் பெட்டிக்குக் கொடுப்பதே லாபம். ஸ்பீக்கரின் திறனை டெசிபலில் எழுதியிருப்பார்கள். 94 என்று உள்ள பெட்டி 200 வாட்ஸில் கொடுக்கும் சத்தத்தை, 97 என்று உள்ளது 100 வாட்ஸிலேயே கொடுத்துவிடும். வாட்ஸைக் கேட்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை.

வீட்டில் பழக முப்பது ஐம்பது வாட்ஸ் போதும். டிரம்ஸ் இருக்கும் குழுவோடு வாசிக்க உண்மையான 200 முதல் 300 வாட்ஸாவது வேண்டும். மைக் செட் வசதி உள்ள ஆலயம், மண்டபம் என்றால் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் டி.ஐ. அவுட் என்ற துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து ஒரு வயரை மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டால், கூட்டத்துக்கு உரிய சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். மேடையில் இருப்பவன் தனக்குக் கேட்கும் அளவுக்குச் சிறிய பெட்டி வைத்துக்கொண்டால் போதும். பாதிப் பணம் மிச்சம்.

இனி ஓம் விஷயம். பையன் செய்த தவறும் இதில்தான். எட்டு ஓம் ஸ்பீக்கர் ஒன்றை இணைத்தால் பாரம் எட்டு ஓம். இன்னொரு எட்டு ஓம் பெட்டியைப் பக்கத்தில் சேர்த்தால் நான்கு ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் மூன்றுக்கும் கீழே. ஒரே தொட்டியில் குழாயைக் கூட்டக் கூட்டத் தண்ணீர் வேகமாக இறங்குவது போல, ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிக மின்சாரத்தைத் தள்ள வேண்டும். 'குறைந்த அளவு 4 ஓம்' என்று எழுதிய ஆம்ப்ளிஃபயரில், ஆலயத்தில் இருந்த இரண்டு பெட்டிகளையும் தம்பி கூடுதலாக இணைத்திருக்கிறான். டிரான்சிஸ்டர் சூடேறி ஷார்ட் ஆனது. அந்த நேரத்தில் ஃபியூஸ் போயிருந்தால் நஷ்டம் டிரான்சிஸ்டரோடு நின்றிருக்கும். வெள்ளித்தாள் அதைப் போக விடவில்லை. நேர் மின்சாரம் ஸ்பீக்கருக்குள் பாய்ந்து காயிலைக் கருக்கியது. மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட் லைன் என்று ஓர் இணைப்பு இருக்கும். அது தூரத்துக் குழாய் ஸ்பீக்கர்களுக்கானது. அதில் பேஸ் பெட்டியை மாட்டுவதும் இதே கதைதான். வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஆபத்து வேறு வகை: ஸ்பீக்கர் இணைக்காமலே அதை ஓட்டினால் உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரியலாம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்தது என்றால் முதலில் வோல்ட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100, நமக்கு 230. பிளக்கை மாற்றிவிட்டால் போதும் என்று சொருகினால் புகைதான் வரும். பின்னால் 230க்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் மாற்றலாம். இல்லாவிட்டால் தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

பழையதை வாங்கப் போகும்போது பிள்ளையைத் தன் சொந்த கிடாரோடு அழைத்துப் போங்கள். பதினைந்து நிமிடமாவது ஓட விட்டு, தடித்த தந்தியைப் பலமாக மீட்டச் சொல்லிக் கேளுங்கள். எல்லா திருகுகளையும் திருப்பி, எல்லா துளைகளிலும் வயரைச் சொருகி அசைத்துப் பார்க்க வேண்டும். பின்பலகை ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பலமுறை திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூக்கையும் பயன்படுத்துங்கள், கருகிய வார்னிஷ் வாசனை நாள் கணக்கில் போகாது.

எது பெரிய பழுது, எது சிறிய பழுது?

என்னிடம் வரும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வந்திருப்பது சில்லறைப் பழுதுதான். திருகைத் திருப்பும்போது கரகரத்தால் வால்யூம் கண்ட்ரோலில் தூசி. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு இருபது முறை திருப்பினால் போதும். வயரை அசைத்தால் சத்தம் போய் வந்தால் துளையின் ஈயப்பற்று விட்டிருக்கும். சில ஆம்ப்ளிஃபயர்களில் சத்தம் திடீரென்று மங்கிவிடும், அல்லது அடியோடு நின்றுவிடும். பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள் இருந்தால் அவற்றைச் சிறு வயரால் இணைத்துப் பாருங்கள். சத்தம் திரும்பினால் ரிட்டர்ன் துளையின் உள்சுவிட்ச் அழுக்கடைந்திருக்கிறது, அவ்வளவே. இதற்காகப் போர்டையே மாற்ற வேண்டும் என்று கணக்குச் சொன்ன இடங்களையும் அறிவேன்.

குறிப்பிட்ட ஒரு சுரத்தில் மட்டும் 'டர்ர்' என்று அதிர்ந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன் பெட்டியின் ஸ்க்ரூ, கைப்பிடி, முன் ஜல்லடை எல்லாவற்றையும் இறுக்குங்கள். பிறகும் போகாவிட்டால் கோனை இரு கை விரல்களால் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள்; உள்ளே உரசினால் வாய்ஸ் காயில் கோணியிருக்கிறது. ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, அதன் இணைப்பைக் கழற்றி ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் கோன் துள்ளும். மீட்டரில் அளந்தால் எட்டு ஓம் ஸ்பீக்கர் ஆறு ஓம் அளவில்தான் காட்டும், அது குறையல்ல.

வாசிக்காத போதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் இருந்து, கிடார் வயரைப் பிடுங்கியும் போகாவிட்டால், பழைய பெட்டியில் ஃபில்டர் கண்டன்சர்கள் வறண்டிருக்கக் கூடும். இது கடைக்காரர் வேலை, நீங்கள் கை வைக்க வேண்டாம். வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது தங்கி நிற்கும். இரைச்சலை நிறுத்த எர்த் வயரை வெட்டி விடுவதும் நடக்கிறது. ஈர விரலோடு இரும்புத் தந்தியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைக்கும் பிள்ளைக்கு அந்த எர்த்தான் காவல். ஃபியூஸ் என்ன அளவோ அதே அளவு, அதே வகைதான் போட வேண்டும். அடிக்கடி போகிறது என்றால் உள்ளே ஏதோ தவறு என்று அது சொல்கிறது. வெள்ளித்தாள் சுற்றியவர் அதன் வாயை அடைத்துவிட்டார்.

ஸ்பீக்கருக்குப் போகும் வயரும் கிடார் வயரும் முனையில் ஒரே மாதிரி இருக்கலாம். கிடார் வயருக்குள் முடி போன்ற கம்பிதான் உண்டு. அதை ஸ்பீக்கருக்கு மாட்டினால் சூடேறும், சக்தி வீணாகும், ஒரு நாள் ஷார்ட்டும் ஆகும்.

நாதத்தைச் சரி செய்வது

ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருந்தும் "பேஸே கேட்கவில்லை" என்பார்கள். இது பெரும்பாலும் திருகு வைத்திருக்கும் விதத்தில் வரும் கோளாறு. தனியாக வாசிக்கும்போது பேஸையும் டிரெபிளையும் ஏற்றி, நடுவில் இருக்கும் மிட் திருகை இறக்கினால் வீட்டில் அற்புதமாக இருக்கும். குழுவில் போய் வாசித்தால் காணாமல் போய்விடும். கீழே உள்ள இடத்தை டிரம்ஸின் பெரிய முரசு பிடித்துக்கொள்ளும், மேலே கிடாரும் ஜால்ராவும் நிற்கும். பேஸுக்கென்று மிஞ்சியிருந்த நடுவிடத்தை நாமே காலி செய்துவிட்டோம். கடை ஷோரூமில் தனியே கேட்டு வாங்கியதைக் குழுவில் வைத்துப் பார்த்து வருந்துவதும் இதனால்தான்.

ஆரம்பத்தில் எல்லா டோன் திருகுகளையும் நடுவில், கடிகாரத்தின் 12 மணி நிலையில் வையுங்கள். கெயின் திருகை, பலமாக மீட்டும்போது மட்டும் சிவப்பு விளக்கு லேசாக மின்னும் அளவுக்கு ஏற்றுங்கள். கிடாருக்குள் பேட்டரி உள்ள ஆக்டிவ் வகை என்றால் அதற்கான துளையில் மாட்டுங்கள் அல்லது பொத்தானை அழுத்துங்கள். பிறகு மாஸ்டரை வேண்டிய அளவு உயர்த்தலாம். இனிமேல் கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது. குடத்துக்குள் பேசுவது போல மொத்தென்று இருந்தால் 200 முதல் 400 வரை உள்ள பகுதியைச் சற்றுக் குறையுங்கள். சுரம் தெளிவாக விளங்காவிட்டால் 700, 800 பக்கம் கொஞ்சம் கூட்டுங்கள். விரல் தந்தியைத் தொடும் கடிப்பு வேண்டுமானால் அது 2000க்கு மேலே இருக்கிறது. ஆழம் போதவில்லை என்று 40க்கும் கீழே பேஸ் திருகை முழுக்க ஏற்றினால் ஸ்பீக்கர் கோன் துடிக்குமே தவிர, கேட்கிறவர்களுக்கு ஒன்றும் சேராது. தடித்த தந்தியை நாம் உணர்வது பெரிதும் அதன் இரட்டிப்பான 82லும் அதற்கு மேலேயும்தான். அடிச்சுருதியைக் காது தானாகவே நிரப்பிக்கொள்ளும்.

பெட்டி வைக்கும் இடம் ஒரு திருகுக்குச் சமம். சுவர் மூலையில் வைத்தால் பேஸ் பெருகி மொத்தென்று கேட்கும். ஓர் அடி உயரமான ஸ்டூலில், மூலையை விட்டு வெளியே வைத்துப் பாருங்கள். 41 அதிர்வுள்ள ஓர் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். அதனால் வாசிப்பவன் நிற்கும் இடத்தில் ஒரு மாதிரியும், கடைசி பெஞ்சில் வேறு மாதிரியும் கேட்கும். நீள வயர் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவே நடந்து கேட்ட பிறகே திருகில் கை வைக்க வேண்டும்.

அண்ணாச்சியின் பெட்டி கதைக்கு வருகிறேன். டிரான்சிஸ்டர், சரியான ஃபியூஸ், பேஸுக்கு உரிய 12 அங்குல ஸ்பீக்கர் ஆகியவற்றை மாற்றி, முகப்பில் இருந்த '500' என்ற எழுத்தின் மேல் வெள்ளைப் பட்டை ஒட்டி '60 வாட்ஸ், 8 ஓம்' என்று எழுதிக் கொடுத்தேன். "மாமா, இது குறைச்சலாத் தெரியுமே" என்று பையன் தயங்கினான். டி.ஐ. அவுட் துளை அதில் இல்லை, சிறிய டி.ஐ. பெட்டி ஒன்றைத் தனியே வாங்கி மிக்ஸருக்கு இணைக்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்த அண்ணாச்சி, மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து மீதிப் பணத்தைக் கொடுத்தார். பில் கேட்டும் வாங்கிக்கொண்டார்.